வளைந்த மரங்களுக்கு நடுவே ஒரு வீடு

ஆகஸ்ட் 21, திங்கள்

கோத்தகிரி கடைவீதியில் ஆகஸ்ட் மாதம் டைரி கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரர் பரண் மேல் தேடி, தூசி தட்டிக் கொடுத்து, "பாதி வருஷம் போயிருச்சேம்மா" என்று துக்கம் விசாரித்தார். வேலைக்கென்று ஒரு பதிவேடு தனியாக இருக்கிறது. சிமெண்ட், கம்பி, ஆள் வருகை எல்லாம் அதில் எழுதியாக வேண்டும். இது யாரையாவது திட்டத் தோன்றும்போது திட்டுவதற்கு.

முதல் திட்டு எனக்கே. இருபத்திரண்டு வருஷமாகக் கோயம்புத்தூரில் கட்டட வடிவமைப்பாளராக இருந்து நான் செய்ததெல்லாம் கல்யாண மண்டபங்களுக்கு ரோமாபுரித் தூண் வைத்ததுதான். மங்கையர்க்கரசி மேடம் போட்ட பிளான் என்றால் தூண் இருக்கும் என்று ஊரில் பெயர். நாற்பத்தொன்பது வயதில் இப்போதுதான் மனசுக்குப் பிடித்த மாதிரி ஒரு வீடு வந்திருக்கிறது.

வீட்டுக்காரர் டாக்டர் சிவகுருநாதன். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. பக்கத்தில் நெல்லிமட்டத்தில் ரோட்டுக்குக் கீழே அறுபது சென்ட் வாங்கியிருக்கிறார். மூன்றடி நடந்தால் இரண்டடி இறங்கியிருப்போம், அப்படிப்பட்ட சரிவு. அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. "கீழ இருந்து பாத்தாலும் மேல இருந்து பாத்தாலும் வீடு இருக்கறதே தெரியக் கூடாதுங்க மேடம்." மூவாயிரம் சதுர அடி வீடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். மறைத்துக் காட்டுகிறேன்.

மூன்று படிகளாக வீடு இறங்கும். ஒவ்வொரு படிக்கும் மண் நிரப்பிய கூரை, அதன் மேல் புல். சுவர்களுக்கு நான் எதையும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நிலத்தில் பதினேழு சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் அடியில் அரிவாள் மாதிரி வளைந்து, பிறகு நேராக நிமிர்ந்து மேலே போகிறது. பதினேழும் ஒரே திசையில், ஒரே வளைவு. முதல் நாள் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. சுவர்களையும் அதே வளைவில் போட்டுவிட்டேன். ஒரு மரத்தைக்கூட வெட்டப் போவதில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

மாடல் வீட்டுக்குப் புல் ஒட்டினேன். நாலு மணி நேரம். விரலெல்லாம் கோந்து.

செப்டம்பர் 2, சனி

இன்று நிலத்தில் அளவு போட்டோம். மேஸ்திரி பெள்ளிராஜ் இந்த மலையின் படகர் இனத்துக்காரர். நிதானமானவர். அவசரப்பட்டால் அவருக்குக் காது கேட்காது. ரோட்டோரத்தில் ஒரு பாறை இருக்கிறது. எல்லா அளவும் அதிலிருந்துதான். பாறையிலிருந்து அறுபதடி இறக்கத்தில் கடைசி முளை. அங்கேதான் வீட்டின் கீழ்ச்சுவர் வரும். முளைக்கு முளை நூல் கட்டிச் சுண்ணாம்பு போட்டதும் வீடு தரையில் படுத்துக் கிடப்பது தெரிந்தது. கீழே தேயிலை, அதற்கும் கீழே ஐந்து வீடுகள் வரிசையாக, அதற்கும் கீழே ஓடை. எல்லாம் சரியாக இருந்தது.

சாமான் வைக்கத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். வீட்டிலிருந்து கணவர் போன் பண்ணி, கேஸ் புத்தகம் எங்கே என்றார். இருபது வருஷமாக ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

செப்டம்பர் 9, சனி

ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையிலிருந்து பேசினார்கள். வரைபடங்களையும் மாடலையும் டிசம்பர் இதழில் ஆறு பக்கம் போடுகிறார்களாம். தலைப்புக்கு யோசனை கேட்டார்கள். 'மலைக்கே தெரியாத வீடு' என்றேன். போனை வைத்துவிட்டு இங்கே எடுத்திருக்கும் வாடகை அறைக்குள் தனியாக நடந்துகொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 18, திங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. கடைசி முளைக்குப் போகும் நூல் அறுந்து கிடக்கிறது. டேப் வைத்துப் பார்த்தால் அறுபதடிக்கு மேல் ஓர் அங்குலம். ஓர் அங்குலத் தப்போடு வளைந்த சுவர் கட்டினால் கடைசியில் கதவு எங்கே போய் நிற்கும்?

"முளை அடிக்கிறதுக்குக்கூடவா நான் பக்கத்துல நிக்கணும்?" என்று ஆட்கள் முன்னால் பெள்ளிராஜைக் கேட்டேன்.

"அறுபதுக்குத்தான் அடிச்சேங்க மேடம். நீங்களும் டேப்பப் பிடிச்சீங்களே."

"அப்ப முளை நடந்து போச்சா?"

அவர் குனிந்து முளையைத் தொட்டுப் பார்த்தார். தரை சரியில்லை என்று ஏதோ முனகினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முளையைப் பிடுங்கி மறுபடி அறுபதில் அடிக்க வைத்தேன்.

கொட்டகைக் கதவும் மூட மாட்டேன் என்கிறது. தச்சர் இரண்டு தடவை இழைத்துவிட்டார். இந்த மலையில் ஒரு ஆளுக்காவது வேலை தெரியுமா என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, புதன்

கீழ் வரிசையிலிருந்து ஒரு பெண் சண்டைக்கு வந்தார். பெயர் பவளக்கொடி. தேயிலை பறிக்கிறவர். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கும். கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்மா, நீங்கதான இங்க வீடு கட்டுறது? உங்க பொக்லைன் வந்து நோண்டுனதுல எங்க அடுப்படித் தரை வெடிச்சுப் போச்சு. என் வீடு மட்டுமில்ல, அஞ்சு வீடும் வெடிச்சிருக்கு. யாரு பதில் சொல்லுறது?"

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பொக்லைன் இன்னும் வரவே இல்லை, ஒரு கூடை மண்கூட நாங்கள் எடுக்கவில்லை என்றேன். நம்பவில்லை. பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். "எப்ப வெடிச்சுது?" என்று கேட்டேன். ஆடி பதினெட்டுக்கு வாசல் மெழுகும்போது மயிரிழை மாதிரி இருந்ததாம், இப்போது விரல் போகிறதாம். "ஆடியில நாங்க இந்த நிலத்துல ஒரு முளைகூட அடிக்கலை. பாத்துக்கங்க தேதியை. அதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

அந்த அம்மா தேதியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப வேற என்னா பண்ணுது?" என்றார். அதை என்னிடம் கேட்டால்?

கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஆதாரத்தோடு பேசினால் யாராக இருந்தாலும் அடங்கித்தான் ஆக வேண்டும். மத்தியானம் சாதம் இறங்கவில்லை. கேன்டீன் குழம்பில் புளி அதிகம்.

அக்டோபர் 5, வியாழன்

டாக்டர் வந்தார். கொட்டகையில் மாடலை வைத்துத் துணியை விலக்கினேன். மனுஷர் ஐந்து நிமிஷம் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்த்தார். கடைசியில், "வீடெங்கிங்க?" என்றார். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

பிறகு வெளியே ஒரு மரத்தின் வளைவில் பெஞ்சில் உட்காருவது போல உட்கார்ந்துகொண்டார். "முப்பத்தஞ்சு வருசம் ஆபரேசன் தியேட்டர் லைட்டுக்கடியில நின்னாச்சுங்க. மூஞ்சியப் பாத்துட்டே நிப்பாங்க சொந்தக்காரங்க. பொழைப்பாங்களா, பொழைப்பாங்களான்னு. இனி ஒருத்தரு என்னையப் பாக்கோணும்னு எனக்கு இல்லைங்க. இந்தச் செடி கொடிக்குள்ள போயிரோணும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது, "வேற ஏதாச்சும் சொல்லோணுங்களா மேடம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். முளை விஷயம் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன். ஆயுத பூஜை கழிந்து ஒரு நல்ல நாளில் பொக்லைன் இறங்கட்டும் என்று முடிவானது.

அக்டோபர் 7, சனி

பெள்ளிராஜ் வருவதற்கு முன்னால் காலையில் நானே போய் மூன்று கம்பிகள் அடித்தேன். பாறையிலிருந்து இருபதடியில் ஒன்று, நாற்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று. மூன்றடி நீளக் கம்பி. யாரும் ஆட்டி எடுக்க முடியாது. சம்மட்டி அடித்து உள்ளங்கை கன்றிப்போய்விட்டது. பெள்ளிராஜ் அளவில் ஏமாற்றுகிறாரா என்று பார்க்கத்தான். வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

மூன்றும் அப்படியே. அப்பாடா. பெள்ளிராஜ்தான்.

அக்டோபர் 14, சனி

நேற்றும் முந்தாநாளும் மழை. இருபதடி, மாற்றமில்லை. நாற்பதடி, கால் அங்குலம். அறுபதடி, அரை அங்குலம். டேப் நனைந்தால் நீளும்.

அக்டோபர் 15, ஞாயிறு

இரும்பு டேப் நனைந்தால் நீளாது. இதைக்கூட நானே எழுதி நானே படிக்க வேண்டியிருக்கிறது. கோயம்புத்தூர் போகவில்லை. அறையை இரண்டு தடவை பெருக்கினேன்.

அக்டோபர் 19, வியாழன்

20: மாற்றமில்லை.
40: முக்கால்.
60: ஒன்றேகால்.

அக்டோபர் 20, வெள்ளி

மழை விட்டதும் கீழே ஒரு டீ குடிக்கலாம் என்று இறங்கினேன். டீக்கடை மேல் ரோட்டில் இருக்கிறது, தெரியும். இருந்தாலும் இறங்கினேன்.

பவளக்கொடி வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பழைய சண்டையை முகத்தில் வைத்துக்கொண்டே முக்காலியை நகர்த்திப் போட்டார். அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கை நுழைகிற விரிசல். அவருடைய சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குள் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கேட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். ஐந்து வீட்டையும் கோர்த்துக்கொண்டு ஒரே கோடு.

திரும்பி வந்து வாசலில் நின்று மேலே பார்த்தேன். இந்த நிலத்தை நான் கீழேயிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. நான் போட்ட படங்கள் எல்லாமே ரோட்டிலிருந்து பார்த்துப் போட்டவை. பதினேழு மரங்களும் எங்களைப் பார்த்துத் தொப்பை தள்ளிக்கொண்டு நின்றன.

"அந்த மரமெல்லாம் ரொம்ப அழகு" என்றேன். ஏதாவது பேச வேண்டுமே.

"நேராத்தான் நட்டது. எனக்குப் பன்னெண்டு வயசு அப்ப. கூடையில நாத்து தூக்கிட்டுப் போனேனே. வரிசை புடிச்சு, கயிறு கட்டித்தான் நட்டாங்க. பெறகு எப்புடி கோணிச்சின்னு தெரியல. தொரைமாரு மரம்னா அப்படித்தான் வளரும்போலன்னு நெனைச்சோம்."

டீயைக் கையில் கொடுத்தார். குடித்தேன். வெயில் ஒரு பக்கமாக அடித்தால் மரம் அந்தப் பக்கம் வளையத்தான் செய்யும்.

அக்டோபர் 21, சனி

வெயிலுக்கு வளைந்தால் தலை வளையும். அடி வளையாது.

இரண்டாம் வருஷப் பாடம். சரிவில் மண் மெல்ல மெல்ல நகரும்போது மரத்தின் அடி மண்ணோடு போகும், தலை மட்டும் வானத்தைத் தேடி நிமிரும். வருஷா வருஷம் போய், அடிமரம் அரிவாளாகிவிடும். படம் வரைந்து பாகம் குறித்தேன். பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கினேன். இருபத்தெட்டு வருஷம் கழித்து அதே படம் பதினேழு தடவை என் எதிரில் நிற்கிறது. நான் அழகு, அழகு என்று அதே வளைவில் சுவர் போட்டிருக்கிறேன். ஒரு கொத்தனார் பார்த்திருந்தால் கோணல் மரம் என்று தள்ளிப் போயிருப்பார். படித்தவளுக்குத்தான் அது கலையாகத் தெரியும்.

அந்தக் கூரையில் மட்டும் நனைந்த மண் இருநூறு டன் வரும். மலைக்கு மேல் இன்னொரு மலையைத் தூக்கி வைத்து, அதைத் தாங்க வேண்டிய மண்ணைக் கீழே வெட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மண் பரிசோதனைக்குத் துளை போட்டது இரண்டே இடத்தில். இரண்டும் ரோட்டோரம், பாறைக்குப் பக்கத்தில். கீழே மெஷின் இறங்காது என்றார்கள், சரி என்றேன். மண் உறுதியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்கியது நான்தான்.

அக்டோபர் 23, திங்கள், ஆயுத பூஜை

பெள்ளிராஜ் கொட்டகையில் கடப்பாரை, மண்வெட்டி, ரசமட்டம், டேப் எல்லாவற்றையும் கழுவி அடுக்கிச் சந்தனம் வைத்திருந்தார். பொரிகடலை கொடுத்தார். ஆட்கள் போன பிறகு என்னைத் தயங்கித் தயங்கிப் பார்த்தார்.

"மேடம், நீங்க தினமும் காலையில அளக்கறது எனக்குத் தெரியுமுங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் சட்டைப் பையிலிருந்து நாட்காட்டித் தாள்களை எடுத்தார். கிழித்த தாள்களின் பின்பக்கம் தேதி போட்டு அளவு எழுதியிருந்தார். செப்டம்பர் பத்தொன்பதிலிருந்து. நான் அவரைத் திட்டியதற்கு மறுநாள். என் அளவையும் அவர் அளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கால் அங்குல வித்தியாசம்கூட இல்லை.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னனுங்களே. தரை சரியில்லைன்னு சொன்னேன். முளை நடந்து போச்சான்னு நாலு பேரு முன்னாடி கேட்டீங்க. அப்புறம் என்னத்தச் சொல்றது?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. அவர் சங்கடப்பட்டுப் பொரியை இன்னொரு கை அள்ளிக் கொடுத்தார்.

அக்டோபர் 26, வியாழன்

கோயம்புத்தூரில் டாக்டர் வீட்டில் எல்லாவற்றையும் விரித்து வைத்தேன். அளவுகள், பெள்ளிராஜின் தாள்கள், விரிசல் போட்டோ. பொறுமையாகக் கேட்டார். என் கையைத் தட்டிக்கூடக் கொடுத்தார்.

"கத்தி வெக்கறதுக்கு முன்னால பயம் எல்லா டாக்டருக்கும் வருமுங்க. எத்தன சர்ஜனை நானே தேத்தி உள்ள அனுப்பியிருக்கேன். தடுப்புச் சுவரு போட்டுக்கலாமுங்க."

"சுவரும் அந்த மண்ணு மேலதானே நிக்கணும் டாக்டர்?"

"கட்டாம உட்டா மண்ணு நின்னுருங்களா?"

"நிக்காது. மெதுவா வரும். நாம கீழே வெட்டினோம்னா ஒரே மழையில வரும். அஞ்சு குடும்பம் இருக்கு அங்க."

எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "எனக்கு வேற ஆசையே இல்லைங்க மேடம்" என்றார். பாவமாக இருந்தது. பிறகு குரல் மாறிவிட்டது. "ஒரு சர்ஜன் மாட்டேன்னா இன்னொரு சர்ஜன் இருக்காருங்க. பிளான் எங்கிட்ட இருக்குது, அனுமதி இருக்குது. போச்சாதுங்க, பரவால்ல, நீங்க ஒதுங்கிக்கங்க."

வாசல் வரை வந்து கேட்டார். "ஒண்ணே ஒண்ணு சொல்லீட்டுப் போங்க. அன்னிக்கு மாடலக் காட்டறப்பவே இது உங்களுக்குத் தெரியுமுங்களா?"

இல்லை என்றேன்.

அக்டோபர் 30, திங்கள்

நெல்லிமட்டத்துக்கு வந்துவிட்டேன். வீட்டில் அவர், வேலை இல்லாத இடத்தில் உனக்கு என்ன வேலை என்கிறார். பவளக்கொடியிடம் போய்ச் சொல்ல வேண்டும். இன்று மழை.

நவம்பர் 1, புதன்

போகலாம் என்று கிளம்பினேன். மழை வரும் போலிருந்தது.

நவம்பர் 3, வெள்ளி

பெள்ளிராஜ் அறைக்கே வந்தார். டாக்டர் வேறு ஒரு இன்ஜினீயரை வைத்துவிட்டாராம். இருபத்து நாலாம் தேதி வெள்ளிக்கிழமை, நல்ல நாள், பொக்லைன் இறங்குகிறது. வரைபடத்தில் ஒரு கோடு மாறவில்லை. கீழே என் பெயர், என் கையெழுத்து.

"நான் வரலைன்னு சொல்லிட்டனுங்க. ஆனா, நான் போகலைன்னா இன்னொருத்தன் போவான். ஆளா இல்ல?"

நவம்பர் 9, வியாழன்

விடியற்காலையிலிருந்து கொட்டித் தீர்த்தது. ஊரில் அங்கங்கே ரோட்டில் மண். ஐந்து வீட்டு ஜனங்களையும் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். கடைசி முளை இருந்த இடத்தில் தரை வாய் பிளந்திருக்கிறது. அறுபதடி இப்போது அறுபதடி ஐந்தங்குலம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இனியும் மழையைச் சாக்குச் சொல்ல முடியாது. பவளக்கொடி பெஞ்சில் ஈரத் துணியைப் பிழிந்து போட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். மண் நகர்வதை, வீட்டை, நான் போட்ட கையெழுத்தை, இருபத்து நாலாம் தேதியை.

துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். பிறகு, "எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"ரெண்டு வாரமா."

"ரெண்டு வாரமா நாங்க அங்கதான படுத்தோம்." சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "அன்னிக்குத் தேதியக் காட்டி என் வாய அடைச்சீங்களே. அப்பயே நான் கேட்டேன், வேற என்னா பண்ணுதுன்னு."

"கேட்டீங்க."

"எங்க ஆத்தா அக்கரை சிலோன்லருந்து ஒரு தகரப் பொட்டியோட வந்துச்சு. அங்கயும் மண்ணு சரிஞ்சுதான் லயத்து வீடெல்லாம் போச்சு. இப்ப எங்கள எங்க போவச் சொல்லுறீங்க?"

தெரியவில்லை என்றே சொன்னேன். மேலே வெட்டுவதை முதலில் நிறுத்த வேண்டும், வேறு இடத்தில் வீடு கேட்க வேண்டும், மனு கொடுக்கலாம், நான் கூட வருகிறேன் என்றேன். அவர் துணியை உதறிக் காயப் போட்டார்.

நவம்பர் 12, ஞாயிறு, தீபாவளி

கோயம்புத்தூர். பலகாரம் தின்றேன். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

நவம்பர் 14, செவ்வாய்

பத்திரிகைக்குப் போன் பண்ணி, படங்களைப் போட வேண்டாம் என்றேன். அச்சுக்குப் போகிற நேரம் என்று குதித்தார்கள். ஏன் என்று கேட்டார்கள். வீட்டில் ஒரு தப்பு இருக்கிறது என்றேன். சின்னத் தப்பென்றால் திருத்திப் போடலாமே என்றார்கள்.

டாக்டருக்கு மூன்று தடவை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

நவம்பர் 17, வெள்ளி

பவளக்கொடி என் போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினார். "திங்கக்கிழமை ஊட்டியில கலெக்டராபீசுல மனு நாளாம். காலையில ஏழு மணி பஸ்ஸு." வைத்துவிட்டார்.

நவம்பர் 20, திங்கள்

பஸ்ஸில் பவளக்கொடி முன் சீட்டில், நான் இரண்டு சீட்டு பின்னால்.

கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒருவரிடம் போனோம். அழகான கையெழுத்து. விஷயத்தைச் சொல்லச் சொல்ல, எங்களைவிட நன்றாக எழுதினார். அனுமதியை ரத்து செய்ய வேண்டும், ஐந்து குடும்பங்களுக்கும் மாற்று இடம் தர வேண்டும். பவளக்கொடி பெயரும் மற்ற நாலு வீட்டாரின் பெயரும் மனுதாரர்கள் என்று ஏறின. ஆறாவதாக என் பெயரைச் சொன்னேன். எழுதினார்.

"எதிர்த்தரப்பு யாரு?"

நிலத்துக்காரர் பெயர் சொன்னோம். "வரைபடம் போட்டு, மண்ணுக்குச் சான்று கொடுத்தது?"

"மங்கையர்க்கரசி" என்றேன்.

பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஒரே பேரு ரெண்டு பக்கமும் வரக் கூடாதும்மா. உள்ள போனா திருப்பிருவாங்க. ஒண்ணு கேக்கற பக்கம் நில்லுங்க, இல்ல பதில் சொல்ற பக்கம் நில்லுங்க. எந்தப் பக்கம் போடட்டும்?"

கேட்கிற பக்கம் நிற்பதற்குத்தான் நான் ஏழு மணி பஸ் பிடித்து வந்திருந்தேன். தப்பைத் தானே கண்டுபிடித்து, ஏழைகளுக்காக மனு கொடுக்க வந்தவள். அந்தப் பெயரோடு ஊருக்குத் திரும்பலாம், தொழிலும் நடத்தலாம். பவளக்கொடி என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறாவது பேரை அடிச்சிருங்க" என்றேன். "பதில் சொல்ற பக்கம் போடுங்க."

அடித்த தாள் வேண்டாம் என்று புதுத் தாளில் முதலிலிருந்து எழுதிக் கொடுத்தார்.

உள்ளே பதினோரு மணிக்குக் கூப்பிட்டார்கள். மனுவைப் படித்த அதிகாரி, இளவயதுக்காரர், பவளக்கொடியிடம் நாலைந்து கேள்வி கேட்டார். நிலத்தை அளக்க ஆள் அனுப்புகிறேன், அதுவரை பொக்லைன் இறங்காது என்று போன் போட்டுச் சொன்னார். மாற்று இடத்துக்கு நாளாகும் என்றார். பிறகு, எதிர்த்தரப்பில் எழுதியிருக்கிற இந்த மங்கையர்க்கரசிக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், விலாசம் தெரியுமா என்று கேட்டார்.

"நான்தாங்க அது" என்றேன்.

அவர் பவளக்கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்களா? இவங்களோடவா வந்தீங்க?"

"ஒரே பஸ்ஸு" என்றார் பவளக்கொடி.

"அப்ப இதுல எழுதியிருக்கறத மறுக்கறீங்களா?"

"இல்லைங்க. எல்லாம் உண்மை. ஆனா ரெண்டு விஷயம் விட்டுப் போச்சு, சேத்துக்கங்க. மண் பரிசோதனை ரோட்டோரத்துலதான் நடந்துது. கீழே பாக்கவே இல்லை. பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

எழுதிக்கொண்டார். "ரெண்டாவது?"

பவளக்கொடி பக்கத்தில் நிற்பது தெரிந்தது. அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ரெண்டு வாரமாத் தெரியும்னு இவங்ககிட்டச் சொன்னேன். மாடல் காட்டின அன்னிக்குத் தெரியாதுன்னு டாக்டர்கிட்டச் சொன்னேன். ரெண்டும் பொய். மண்ணு நகர்றதாலதான் முளை தள்ளிப் போச்சு, இவங்க தரை வெடிச்சுதுன்னு அக்டோபர் அஞ்சாம் தேதி, மாடலைத் திறந்து காட்டினப்பவே எனக்குத் தெரியும்."